இலைக் கணக்கு வெப்சைட்டுக்கு ஏன் ஜாங்கோ எடுத்தேன்

வெப்சைட் வேலை என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது அவர்களுடைய நோட்டைத்தான். பில் புக், பேரேடு, ரிஜிஸ்டர், எக்செல் ஃபைல், எது இருந்தாலும் சரி. லோகோ, கலர், முகப்புப் படம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தினமும் கைப்பட எழுதும் கணக்கைப் பார்த்துவிட்டால், சர்வரில் எந்தப் பிளாட்பார்மை வைப்பது என்ற கேள்விக்கு முக்கால்வாசி பதில் கிடைத்துவிடும்.

நான் கோத்தகிரியில் இருந்தபடி இந்த வேலையைச் செய்கிறவன். ஹோம்ஸ்டேக்காரர்கள், பேக்கரிகள், ஒன்றிரண்டு பள்ளிகள் என்று வரும். அதற்கெல்லாம் வேர்ட்பிரஸ் போதும், யோசிக்க ஒன்றும் இல்லை. இந்தத் தடவை வந்தது வேறு மாதிரி வேலை. எங்கள் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்று, உறுப்பினர்களின் இலைக் கணக்கை ஆன்லைனில் வைத்துத் தர வேண்டும் என்று கேட்டது. உறுப்பினர் போனிலேயே தன் கணக்கைப் பார்க்க வேண்டும், ஆபீசில் இருப்பவர்கள் பதிவு போட வேண்டும், மாதக் கடைசியில் பில் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்கள். நான் பைத்தான் மொழியும், அதில் தளம் கட்ட ஆயத்தமாகக் கிடைக்கும் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவும், டேட்டாபேஸாக போஸ்ட்கிரஸும் எடுத்தேன். "ஏன் நோட் ஜேஎஸ் எடுக்கலை, ஏன் லாராவெல் எடுக்கலை" என்று, இதே வேலைக்கு உதவும் மற்ற பிளாட்பார்ம்களைச் சொல்லி நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் காரணங்களை விவரமாக எழுதிவைக்கிறேன். மலையில் இதே மாதிரி வேலை எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு உதவும்.

முதலில் கணக்கைச் சொல்ல வேண்டும். விவசாயி இலையைப் பறித்து, சாக்கில் கட்டி, எடை போடும் இடத்துக்குக் கொண்டுவருவார். அங்கே எடை போட்டு, மழைக்காலமாக இருந்தால் ஈரத்துக்கு இத்தனை சதவீதம் என்று கழித்து, துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். இலை அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போய்விடும். ஆனால் என்ன விலை என்பது அன்றைக்குத் தெரியாது. பசுந்தேயிலைக்கான மாவட்டச் சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிறது. அதையும் ஃபேக்டரி கொடுக்கும் விலையையும் பார்த்து, மாதம் முடிந்த பிறகுதான் கணக்கு முடிப்பார்கள். நடுவில் வாங்கிய அட்வான்ஸ், எடுத்த உரம், பழைய பாக்கி எல்லாம் பிடித்தம் ஆகும்.

டேட்டாபேஸில் டேபிள்கள், அதாவது கட்டம் போட்ட பட்டியல்கள், எப்படி இருக்க வேண்டும் என்பது முழுவதும் இதிலேயே இருக்கிறது. எடை போடும் வரியில் விலை என்ற கட்டமே இருக்கக் கூடாது. விலை தனி டேபிள். அதில் எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில் அறிவித்தது என்று இருக்க வேண்டும். பின்னால் விலை திருத்தம் வந்தால் பழைய வரியை அழிக்காமல் புது வரி சேர வேண்டும். போன மாதம் கொடுத்த பில்லை இன்றைக்குத் திரும்ப எடுத்தாலும் அதே தொகை வர வேண்டும். வந்த எடை, ஈரக் கழிவு, நிகர எடை மூன்றும் தனித்தனியாக நிற்க வேண்டும். ஏனென்றால் விவசாயிக்கு வரும் சந்தேகம் பெரும்பாலும் அந்தக் கழிவில்தான் வரும்.

ஊர் பெயரில் இன்னொரு விஷயம் இருக்கிறது. எங்கள் பக்கம் படுகர் ஊர்கள் பலவற்றின் பெயர் ஹட்டி என்று முடியும். ஒரே ரிஜிஸ்டரில் ஒரே ஊரை ஒருவர் "ஹட்டி" என்று எழுதியிருப்பார், இன்னொருவர் "அட்டி" என்று எழுதியிருப்பார், மூன்றாமவர் இடைவெளி விட்டு இரண்டு சொல்லாக எழுதியிருப்பார். மனிதர் படித்தால் மூன்றும் ஒன்றுதான். டேட்டாபேஸுக்கு மூன்றும் மூன்று ஊர். ஆகவே ஊருக்கு ஒரு டேபிள், உறுப்பினர் டேபிளில் அதற்கு ஃபாரின் கீ (ஊர் டேபிளின் வரியைச் சுட்டும் கட்டம்), பதிவு போடுகிறவர்களுக்குப் பட்டியலில் இருந்து எடுக்கும் வசதி. ஆள் பெயரும் இதே கதைதான். ஒரு ஹட்டியில் போஜன் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பெயரை நம்பி எதையும் இணைக்கக் கூடாது. உறுப்பினர் எண் ஒன்றுதான் நம்பிக்கையான அடையாளம்.

இந்த டேபிள்களைப் பேப்பரில் வரைந்த பிறகுதான் மொழி, ஃபிரேம்வொர்க் பக்கம் போனேன். நான் எல்லோரிடமும் வலியுறுத்துவதும் இந்த வரிசையைத்தான். நல்ல டேபிள் அமைப்பு இருந்தால் எந்த மொழியிலும் தளம் நிற்கும். அமைப்பு கோணலாக இருந்தால் எவ்வளவு புது ஃபிரேம்வொர்க் போட்டாலும் ஆறு மாதத்தில் எல்லாம் சிக்கிக்கொள்ளும்.

சரி, எவ்வளவு பெரிய தளம் இது? 300 உறுப்பினர்கள், ஒருவர் மாதத்துக்கு எட்டு தடவை இலை கொண்டுவருகிறார் என்று வைத்தால் வருஷத்துக்கு 28,800 வரிகள். பத்து வருஷம் ஓடினாலும் மூன்று லட்சத்தைத் தாண்டாது. உறுப்பினர் எண்ணும் தேதியும் சேர்த்து ஒரு இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போட்டால் எந்த டேட்டாபேஸும் இதை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே போட்டுவிட்டதால், "ஒரு செகண்டுக்கு எத்தனை ஆயிரம் ரிக்வெஸ்ட்" என்ற விவாதத்துக்கு எங்களிடம் இடமே இல்லை. வேகத்துக்காகப் பிளாட்பார்ம் தேட வேண்டிய தளம் இல்லை இது. ஒரு ரூபாய் கூடக் குறையாமல், கூடாமல், பல வருஷம் சரியாக ஓட வேண்டிய தளம்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியை சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ் 2009-இல் ரையன் டால் கொண்டுவந்தது. ஒரே நேரத்தில் ஏராளமான இணைப்புகளைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை நடக்கும் இடத்தில் அது பிரமாதமாக ஓடும். அரட்டை, நேரடி ஏலம், வண்டி எங்கே வருகிறது என்று மேப்பில் காட்டுவது, இப்படி. எங்கள் தளத்தில் அந்த நிலைமை வரப்போவதில்லை. அதைவிட எனக்குப் பெரிய தடையாகத் தெரிந்தது எண்கள். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் டபுள் வகை மிதவை எண், பல பின்னங்களைத் தோராயமாகத்தான் வைத்துக்கொள்ளும். அதில் 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 என்று வரும். பைத்தானின் ஃப்ளோட்டிலும் இதேதான் வரும், ஆனால் பைத்தானுடன் டெசிமல் என்ற துல்லியமான எண் வகை கூடவே வருகிறது. ஜாங்கோவின் டெசிமல் ஃபீல்டு அதை போஸ்ட்கிரஸின் நியூமெரிக் வகையோடு நேராக இணைத்துவிடும். நோடிலும் காசாக முழு எண்ணில் வைத்தோ தனி லைப்ரரி போட்டோ செய்யலாம். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பின்னால் வரும் ஒருவர் அதை மறந்து ஒரே ஒரு இடத்தில் சாதாரணப் பெருக்கல் போட்டுவிட்டால் கணக்கு தள்ளிப்போகும். பணக் கணக்கில் சரியான வழியே இயல்பான வழியாக இருக்க வேண்டும்.

டெசிமல் போட்டுவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. ஒரு உதாரணம்: 47.3 கிலோ, கிலோ 22.25 ரூபாய். பெருக்கினால் 1052.425. இதைப் பைசாவுக்கு முழுமையாக்கும்போது ஆபீஸ் கால்குலேட்டர் 1052.43 என்று சொல்லும். போஸ்ட்கிரஸின் ரவுண்டும் 1052.43 என்றே சொல்லும். பைத்தானின் டெசிமல் மட்டும், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படைப் பக்கம் தள்ளி 1052.42 என்று சொல்லும். பில்லில் ஒரு தொகை, ரிப்போர்ட்டில் இன்னொரு தொகை! ஒரு பைசாதான். ஆனால் தன் கையால் கணக்குப் போட்டுப் பார்க்கும் விவசாயிக்கு அந்த ஒரு பைசா போதும், தளத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும். ஆகவே எந்த முறையில் முழுமையாக்குவது என்பதைக் குழுவிடம் கேட்டு, ஒரே ஒரு ஃபங்ஷனில் எழுதி, எல்லா இடமும் அதையே கூப்பிடும்படி வைத்தேன்.

மைக்ரோசாஃப்டின் டாட் நெட்டையும் பார்த்தேன். அதன் மொழியான சி ஷார்ப்பில் டெசிமல் மொழிக்குள்ளேயே இருக்கிறது, அது எனக்குப் பிடித்த விஷயம். 2016-இல் டாட் நெட் கோர் வந்ததில் இருந்து லினக்ஸ் சர்வரிலும் ஓடுகிறது. ஆபீசில் ஏற்கெனவே டாட் நெட் ஆட்கள் இருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஜாவா ஸ்பிரிங் இந்த அளவு தளத்துக்கு அதிகம். ரூபி மொழியின் ரெயில்ஸ் ஜாங்கோவுக்கு உடன்பிறப்பு மாதிரி, நல்ல பொருள், ஆனால் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை முழுக்கத் தேடினாலும் ரூபி தெரிந்தவர்கள் சுலபமாகக் கிடைப்பதில்லை.

உண்மையான போட்டி பிஎச்பிக்கும் பைத்தானுக்கும்தான். பிஎச்பியைத் தள்ளிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்தப் பக்கத்துக்காக எழுதிய சின்னக் கருவிகளில் இருந்து வளர்ந்த மொழி அது. 2015 கடைசியில் வந்த பிஎச்பி 7-இல் வேகமும் ஒழுங்கும் வந்தது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கான பழைய ஆபத்தான ஃபங்ஷன்களையும் அதில் எடுத்துவிட்டார்கள். பல தளங்கள் ஒரே சர்வரைப் பங்கிடும் எந்த மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கிலும் ஓடும். பிஎச்பியின் லாராவெல் அருமையான ஃபிரேம்வொர்க். குழுவுக்கு ஹோஸ்டிங் செலவு ஒன்றுதான் பிரச்சினை என்றிருந்தால் லாராவெல்தான் வந்திருக்கும்.

பின்னால் யார் பழுது பார்ப்பார்கள் என்று பார்த்தாலும் இரண்டும் சமம்தான். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் பைத்தானும் எஸ்க்யூஎல்லும் இருக்கிறது. கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் இருக்கிறது. இரண்டும் தமிழ் வழியிலேயே கிடைக்கிறது. அதாவது எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளைக்கு இரண்டில் ஒன்று ஏற்கெனவே அறிமுகம். பிளாட்பார்ம் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்வதே இல்லை, எனக்கு அது ஆதங்கம். ஆரம்பித்தவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால், நாளைக்குத் தளத்தைத் திறந்து பார்க்கப்போவது அந்தப் பிள்ளைகள்தான்.

பைத்தான் பக்கம் என்னை இழுத்தது இரண்டு விஷயம். ஒன்று, ஆபீசில் கணக்கு எழுதும் அக்கா. இன்னொன்று, தமிழ்.

அக்காவிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர் சொன்னது: "தம்பி, ரிஜிஸ்டர்ல எப்படி இருக்கோ ஸ்கிரீன்லயும் அப்படியே வரணும். மேல தேதி, கீழ வரிசையா நம்பர், எடை, கழிவு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம் திறந்து மூட எனக்கு நேரம் இல்லை." இதைவிடத் தெளிவான தேவைக் குறிப்பை எந்த கன்சல்டன்டும் எழுதித் தர முடியாது. ஜாங்கோவோடு அட்மின் என்று ஒரு பகுதி கூடவே வருகிறது. டேபிளை மாடலாக (டேபிளின் கட்டங்களைச் சொல்லும் பைத்தான் கோடாக) எழுதிவிட்டால், பதிவு போட, தேட, திருத்தத் தேவையான திரைகள் தானாக வந்து நிற்கும். ஜாங்கோ பிறந்தது அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில். 2005-இல் வெளியே விட்டார்கள். புரோகிராமர் அல்லாத ஆட்கள் தினமும் உட்கார்ந்து தகவல் ஏற்ற வேண்டிய இடம் அது. அட்மின் இவ்வளவு நன்றாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் அக்காவின் வேலையும் அதே வகைதான்.

"அன்றைய வரவு" என்று ஒரு மாடல், அதற்குக் கீழே வரிவரியாக எடை மாடல். இன்லைன் என்று நாலு வரி எழுதினால் மேலே தேதி, கீழே வரிசை, ரிஜிஸ்டர் பக்கம் அப்படியே திரையில். உறுப்பினர் கட்டத்தில் எண்ணைத் தட்டினால் பெயரும் ஊரும் வந்துவிடும்படி செய்யலாம். அக்கா மவுஸைத் தொடாமல் டேப் கீயிலேயே வரிசையாகப் போட்டுக்கொண்டு போகிறார். லாராவெலுக்கும் அட்மின் பேனல் பேக்கேஜ்கள் உண்டு, நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அவை தனியாகச் சேர்ப்பவை. ஃபிரேம்வொர்க்கின் வெர்ஷன் ஒரு பக்கமும் பேக்கேஜின் வெர்ஷன் இன்னொரு பக்கமும் போகும்போது பார்த்துச் சரிசெய்ய ஆள் வேண்டும்.

அட்மினில் ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். யார், எப்போது, எந்தக் கட்டத்தை மாற்றினார்கள் என்பதை அது பதிவு செய்யும். பழைய மதிப்பு என்ன என்பதை வைத்துக்கொள்ளாது. எடை விஷயத்தில் அது போதாது. 52 கிலோ 25 கிலோவாக மாறியிருந்தால் முன்பு என்ன இருந்தது என்று காட்ட முடிய வேண்டும். அதனால் எடை வரிக்கு மட்டும் மாற்ற வரலாறு ஒன்றைத் தனி டேபிளில் வைத்தேன்.

இப்போது தமிழ். இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், ஏனென்றால் ஆங்கிலக் கட்டுரைகளில் இது வராது, நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

குழுவின் பழைய கணக்கு எக்செலில் இருந்தது. எல்லாம் பாமினி எழுத்துருவில். பாமினி ஃபான்ட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். இதை எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். எழுத்துக்கு எழுத்து மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆகாது. பாமினியில் "கெ" என்று அடிக்கும்போது கொம்பு முதலில் வரும், ககரம் பின்னால் வரும், அதாவது கண்ணுக்குத் தெரியும் வரிசை. யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பின்னால், அதாவது உச்சரிக்கும் வரிசை. ஆகவே இடம் மாற்றவும் வேண்டும். "கோ" என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். சாதாரணமாக மாற்றினால் யூனிகோடில் க, ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடுகளாக வந்து நிற்கும். திரையில் பார்த்தால் "கோ"தான். ஆனால் நாம் கீபோர்டில் அடிக்கும் "கோ" க-வும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். இரண்டும் கண்ணுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு வேறு. கோவிந்தனைத் தேடினால் கோவிந்தன் கிடைக்க மாட்டார்!

இதற்கு யூனிகோடே தீர்வு வைத்திருக்கிறது, நார்மலைசேஷன் என்பார்கள்; இப்படிப் பல விதமாக வரும் எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. பைத்தானில் கூடவே வரும் மாட்யூலில் ஒரே வரி. பிஎச்பியில் இன்ட்ல் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டிலும் இருக்கிறது. எந்த மொழி எடுத்தாலும் சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் இதைச் செய்துவிடுங்கள். பாமினியில் இருந்து மாற்றும் சின்ன ஸ்கிரிப்டைப் பைத்தானில் எழுதி, அதே கோடை அப்படியே தளத்துக்குள் வைத்துக்கொண்டேன். இன்னும் பழைய ஃபைல்கள் வரும் என்று தெரியும்.

அடுத்தது நீளம். கோத்தகிரி என்ற பெயரில் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. பைத்தானில் நீளம் கேட்டால் 9. ஜாவாஸ்கிரிப்டிலும் 9. பிஎச்பியில் பழைய ஸ்டர்லென் ஃபங்ஷனிடம் கேட்டால் 27, ஏனென்றால் யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்; அது பைட்டைத்தான் எண்ணும். எம்பி என்று தொடங்கும் ஃபங்ஷன்களைப் பயன்படுத்தினால் பிஎச்பியிலும் 9 வரும். பெயரை வெட்டிக் காட்டும் இடத்தில் இது கண்ணுக்குத் தெரியும்: பைட் கணக்கில் வெட்டினால் கடைசியில் கறுப்புக் கட்டமும் கேள்விக்குறியும் நிற்கும். எஸ்எம்எஸ் அனுப்பும் இடத்தில் பணமாகத் தெரியும். ஆங்கில எஸ்எம்எஸ்ஸில் 160 குறியீடு, தமிழில் 70 தான். ஊர் பெயரே 9 தின்றுவிட்டால் எடை, கழிவு, தொகை எல்லாம் எங்கே வைப்பது? அதனால் எஸ்எம்எஸ்ஸை இப்போதைக்கு நிறுத்திவைத்து, உறுப்பினர் பக்கத்தையே நன்றாகச் செய்தோம்.

மூன்றாவது, அகரவரிசை. யூனிகோடின் குறியீட்டு வரிசை நம் அகரவரிசை இல்லை. குறியீட்டு வரிசையில் ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் வரும். ஆகவே ஊர்ப் பட்டியலில் ஜக்கனாரை, தேனாட்டுக்கும் நெடுகுளாவுக்கும் முன்னால் போய் நிற்கும். னகரம் அதில் பகரத்துக்கு முன்னால் இருப்பதால் கனகா முதலில், கமலா பின்னால். அகராதியில் கமலாதான் முதலில். 300 பேர் பட்டியலை அச்சடித்து ஆபீசில் ஒட்டினால், தன் பெயரை எங்கே தேடுவது என்று ஆட்களுக்குக் குழம்பும். போஸ்ட்கிரஸ் 10-இல் இருந்து ஐசியு என்ற யூனிகோடு லைப்ரரியின் வரிசை முறைகள் இருக்கின்றன, தமிழுக்கும் ஒன்று உண்டு. ஜாங்கோ 3.2 முதல் அதை மாடலிலேயே ஃபீல்டுக்குச் சொல்லிவிடலாம். ஒரே வார்த்தைதான் சேர்த்தேன், பட்டியல் நம் அகரவரிசைக்கு வந்துவிட்டது. இதைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மைஎஸ்க்யூஎல் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் யூடிஎஃப்8 என்று மட்டும் பெயர் வைத்த பழைய வகை மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழ் எழுத்து அதற்குள் அடங்கிவிடும் என்பதால் ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். ஒருவர் குறிப்புக் கட்டத்தில் ஒரு எமோஜி போட்டால் போதும், அது சரியாகச் சேமிக்கப்படாது. யூடிஎஃப்8எம்பி4 என்பதை எடுக்க வேண்டும்.

போஸ்ட்கிரஸ் எடுத்ததற்கு அகரவரிசை தவிர இன்னொரு காரணம் எங்கள் ஊர் நெட். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் கோத்தகிரிப் பக்கம் மரம் விழும், கரன்ட் போகும், கேபிள் அறும். டேபிளில் ஒரு மாற்றம் செய்துகொண்டிருக்கும்போதே இணைப்பு போய்விட்டால் என்ன ஆகும்? போஸ்ட்கிரஸில் டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளைகளும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் அடங்கும், அதாவது எல்லாம் நடக்கும் அல்லது ஒன்றுமே நடக்காது. ஜாங்கோ மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் வேலை) பாதியில் நின்றால் டேபிள் பழையபடியே இருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் அந்தக் கட்டளைகள் ஒவ்வொன்றும் உடனே உறுதியாகிவிடும். பாதி மாறிய டேபிளோடு மறுநாள் காலையில் உட்கார வேண்டும். மாதக் கணக்கு முடிப்பதும் அப்படித்தான். 300 பேருக்கும் முடிய வேண்டும், அல்லது ஒருவருக்கும் முடியக் கூடாது.

இதே காரணத்தால் உறுப்பினர் பக்கத்தை சர்வரிலேயே முழு எச்டிஎம்எல்லாகத் தயாரித்து அனுப்புகிறேன். ஜாவாஸ்கிரிப்ட் மூட்டையை முதலில் இறக்கி, அப்புறம் தகவலைக் கேட்டு, அப்புறம் வரையும் முறை கோவையில் நன்றாக ஓடும். பள்ளத்துக்குள் இருக்கும் ஹட்டியில் ஒரு கோடு சிக்னலில் வெள்ளைத் திரைதான் தெரியும். தமிழ் வெப் ஃபான்ட்டும் போடவில்லை. போனில் இருக்கும் தமிழ் எழுத்துருவே போதும். பட்டியல் பக்கங்களில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓஆர்எம் (டேபிளைப் பைத்தான் கோடிலேயே கையாள விடும் பகுதி) பயன்படுத்தும்போது 300 எடை வரிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உறுப்பினர் பெயரைக் கேட்டால், சத்தமில்லாமல் டேட்டாபேஸிடம் 301 கேள்விகள், அதாவது 301 குவெரி ஓடும். செலக்ட் ரிலேட்டட் என்று சேர்த்தால் ஒன்றே ஒன்று. ஜாங்கோ மெதுவாக இருக்கிறது என்று சொல்கிறவர்களின் தளத்தைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இதுதான் கிடக்கும்.

நேரத்திலும் ஒரு எச்சரிக்கை. சர்வர் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடும், நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். விடியற்காலை ஐந்தரைக்கு முன்னால் ரிப்போர்ட் எடுத்தால் சர்வருக்கு அது இன்னும் நேற்றுதான். மாதக் கடைசி நாளில் இது பெரிய குழப்பம் தரும். எடை நாளை நேரத்தோடு சேர்க்காமல் வெறும் தேதியாக வைப்பதும், ஜாங்கோவில் ஆசியா/கொல்கத்தா என்று சொல்லிவிடுவதும் நல்லது.

ரிப்போர்ட்டை எக்செலில் திறப்பவர்களுக்காக சிஎஸ்வி ஃபைலின் தொடக்கத்தில் பாம் என்ற மூன்று பைட் குறியைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பல கம்ப்யூட்டர்களில் எக்செல் தமிழைக் கிறுக்கலாகக் காட்டும். பைத்தானில் என்கோடிங் பெயரில் "சிக்" என்று சேர்த்தால் முடிந்தது.

ஹோஸ்டிங்கைப் பொறுத்தவரை ஷேர்டு ஹோஸ்டிங் இதற்கு ஒத்துவராது, சின்ன விபிஎஸ் (நமக்கென்று தனியாக வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்று வேண்டும். ஒரு ஜிபி ராம், உபுண்டு எல்டிஎஸ் லினக்ஸ், பக்கங்களை அனுப்ப என்ஜின்எக்ஸ், ஜாங்கோவை ஓட்ட குனிகார்ன், அதே மெஷினில் போஸ்ட்கிரஸ். இந்த அளவுக்கு இது தாராளம். "ஆபீஸ்லயே ஒரு கம்ப்யூட்டரை சர்வரா வச்சுக்கலாமே" என்று குழுவில் ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான், மாதச் செலவு மிச்சம். ஆனால் கரன்ட் போகும் நாளில்தான் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து கணக்கைப் பார்ப்பார்கள் என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார். தினமும் ராத்திரி பிஜி டம்ப் என்ற கருவி எடுக்கும் டேட்டாபேஸ் நகல் வேறொரு இடத்துக்குப் போகிறது. அந்த பேக்கப்பை எடுத்து வேறு மெஷினில் திறந்து பார்ப்பதும் வேலையில் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை.

வெர்ஷனும் பார்த்துத்தான் எடுத்தேன். ஜாங்கோ 5.2 நீண்டகால ஆதரவு வெர்ஷன், 2025 ஏப்ரலில் வந்தது, 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். நடுவில் வரும் வெர்ஷன்களுக்கு மாற வேண்டிய கட்டாயம் இல்லை. தேயிலைக் குழு வருஷா வருஷம் எனக்குப் பணம் கொடுத்து அப்கிரேட் செய்யச் சொல்ல முடியாது. ஜாங்கோ லாகினில் தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போடுவதைத் தடுக்கும் வசதி கூடவே வராது, அதற்கு ஒரு பேக்கேஜ் சேர்த்தேன். ஆதார் எண்ணைத் தளத்தில் வைக்கவே இல்லை. இலைக் கணக்குக்கு அது தேவையும் இல்லை.

டொமைன், விபிஎஸ், பேக்கப் மூன்றும் குழுவின் பெயரில், குழுவின் மெயில் ஐடியில் பதிவாகியிருக்கிறது. நான் இல்லாமல் வேறொருவர் வந்து தொடங்க என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, பாஸ்வேர்டுகளோடு கவரில் போட்டு ஆபீஸ் பீரோவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்து ஃபேக்டரி அனுப்பும் எடைப் பட்டியலை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பகுதியைச் செய்ய வேண்டும். அவர்கள் அதைப் பிடிஎஃப்பாக அனுப்புகிறார்கள், ஸ்கேன் செய்தது. அதை எப்படிப் படிக்க வைப்பது என்று தெரிந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.